பெட்டி ஆமைக்குத் தப்பிக்க வழியில்லாத தோட்டத்து அடைப்பு

கிழக்கத்திய பெட்டி ஆமை அமெரிக்காவின் கிழக்கு மாநிலங்களில், காடுகளிலும் அவற்றை ஒட்டிய புல்வெளிகளிலும் வாழும் சிறிய தரை ஆமை. வட கரோலினா 1979-ஆம் ஆண்டில் இதைத் தன் மாநில ஊர்வனவாக அறிவித்தது. வளர்ந்த ஆமையின் ஓடு பெரும்பாலும் 11 முதல் 16 சென்டிமீட்டர் நீளம் இருக்கும். வயிற்று ஓட்டின் குறுக்கே உள்ள கீலை மடித்துத் தலை, கால், வால் எல்லாவற்றையும் உள்ளே வைத்து இறுக மூடிக்கொள்ளும். காட்டில் இது சில நூறு மீட்டர் அளவுள்ள ஒரு பரப்பிலேயே பெரும்பாலும் தன் ஆயுளைக் கழிக்கிறது. அங்கிருந்து எடுத்து வேறிடத்தில் விட்டால் பழைய இடத்தைத் தேடி நடந்துகொண்டே இருக்கும். ஆகவே அடைப்புக்குள் விடப்பட்ட ஆமை, சாப்பாடும் நிழலும் எவ்வளவு தாராளமாகக் கிடைத்தாலும், நாள்தோறும் சுவரைச் சோதிக்கும் என்று எண்ணியே வேலையைத் தொடங்க வேண்டும். காட்டிலிருந்து ஆமையைப் பிடித்து வருவது பல மாநிலங்களில் குற்றம். வளர்ப்பில் பிறந்த ஆமையை மட்டுமே வாங்குங்கள். அதற்கும் அனுமதி தேவையா என்பதை உங்கள் மாநில வனவிலங்குத் துறையிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது காலை வெயில் நேராக விழும், பிற்பகலில் நிழல் தங்கும் பகுதியைப் பாருங்கள். மழைநீர் தேங்கும் பள்ளம் கூடாது. ஓரிரு ஆமைகளுக்கு 4 அடிக்கு 8 அடி என்பது பரவலாகச் சொல்லப்படும் குறைந்த அளவு. என்னைக் கேட்டால் 8 அடிக்கு 12 அடிக்குக் குறையாமல் கட்டச் சொல்வேன். இடம் குறுகக் குறுக ஆமை சுவரோரமாகவே நடந்து திரியும். அப்படித் திரியும் ஆமைதான் ஒரு நாள் ஓட்டையைக் கண்டுபிடிக்கும்.

சுவர் ஒளி ஊடுருவாததாக இருக்க வேண்டும். அடைப்பின் மற்ற எல்லா அம்சங்களையும்விட இதையே நான் முதன்மையாகக் கருதுகிறேன். கம்பி வலை வழியாக மறுபக்கம் தெரிந்தால் ஆமை அதைத் தடையாகவே எண்ணாது. மூக்கு தேய்ந்து புண்ணாகும்வரை முட்டிக்கொண்டு நிற்கும், அது போதாதென்று வலையின் கண்களில் நகங்களை மாட்டி ஏணிப்படியில் ஏறுவதுபோல் ஏறிவிடும். வெளியுலகம் கண்ணில் படாத சுவரிடம் அந்தப் பிடிவாதம் பெரும்பாலும் தணிந்துவிடுகிறது. 2 அங்குலத் தடிமனுள்ள செடார் பலகை இதற்கு மிகவும் ஏற்றது. ஹாலோ பிளாக் கல்லும் பயன்படும், ஆனால் அதன் சொரசொரப்பான உட்புறம் நகத்துக்குப் பிடி கொடுக்கும் என்பதால் பூசி வழவழப்பாக்க வேண்டும். பழைய ரயில் தண்டவாளக் கட்டைகளில், மரம் மக்காமலிருக்க ஏற்றும் கிரியோசோட் என்ற நச்சுத் தார் எண்ணெய் ஊறியிருக்கும். அவற்றைத் தொடவே வேண்டாம். ஆர்சனிக் கலந்த மருந்து ஏற்றிய மரம் அமெரிக்காவில் 2003-ஆம் ஆண்டின் இறுதியோடு வீட்டு உபயோகத்துக்கு நிறுத்தப்பட்டது என்றாலும், பழைய திண்ணைகளையும் வேலிகளையும் பிரித்தெடுத்த பலகைகள் இன்னும் கைமாறிக்கொண்டுதான் இருக்கின்றன; எந்தக் காலத்து மரம் என்று தெரியாத பலகையை விட்டுவிடுவதே நல்லது.

சுவர் தரைக்கு மேல் குறைந்தது 45 சென்டிமீட்டர் உயர வேண்டும், 60 இருந்தால் கவலையில்லை. இதை அதிகம் என்று எண்ணிவிடாதீர்கள். பின்னங்கால்களில் நிமிர்ந்து நிற்கும் ஆமை தன் ஓட்டின் நீளத்துக்கும் மேலே எட்டிப் பிடிக்கும். அருகில் இன்னொரு ஆமை இருந்தால் அதன் முதுகில் ஏறி நிற்கும். எனவே சுவரின் உச்சியில், உட்புறமாக நீளும்படி, 15 சென்டிமீட்டர் அகலமுள்ள பலகையைப் படுக்கை வாக்கில் திருகாணி போட்டு இறுக்குங்கள். தொற்றி மேலே வரும் ஆமையின் ஓடு அந்த விளிம்பின் அடியில் முட்டும். அதைத் தாண்ட வேண்டுமானால் தலைகீழாகத் தொங்க வேண்டியிருக்கும் என்பதால் கீழே இறங்கிவிடும்.

மூலைகளுக்குத் தனிக் கவனம் தேவை. நேரான சுவரில் ஏற முடியாத ஆமை, இரண்டு சுவர்கள் கூடும் இடத்தில் ஒரு பக்கத்துக்கு ஒரு காலாக ஊன்றி, தன் முதுகோட்டை இடையில் நெருக்கி, மெல்ல மெல்ல மேலே போய்விடும். ஒவ்வொரு மூலையிலும் விளிம்புப் பலகையின் மேல், பக்கத்துக்கு 30 சென்டிமீட்டர் வரும் முக்கோணப் பலகை ஒன்றைப் பதியுங்கள். முடிந்தால் மூலையையே செங்கோணமாக விடாமல், குறுக்கே ஒரு பலகை நிறுத்திச் சாய்த்துவிடலாம். சுவரிலிருந்து 60 சென்டிமீட்டருக்குள் கல், மரக்கட்டை, தண்டு முற்றிய செடி எதுவும் இருக்கக் கூடாது. ஆமைக்கு இவை எல்லாமே படிகள்தான்.

மண்ணுக்கு அடியிலும் சுவர் வேண்டும். சுற்றிலும் 30 சென்டிமீட்டர் ஆழத்துக்குப் பள்ளம் தோண்டி, பலகையையோ கல்லையோ அந்த அடியிலிருந்தே எழுப்புங்கள். வெட்டி முடித்ததும் பள்ளத்தின் அடியை ரசமட்டம் வைத்துச் சரிபாருங்கள், ஏனென்றால் மேடு பள்ளமான அடியில் நிற்கும் பலகைக்குக் கீழே இடைவெளி விழுந்து, ஒரு நல்ல மழையில் அது ஓட்டையாகிவிடும். அவ்வளவு ஆழம் தோண்ட முடியாத கல் தரையாக இருந்தால், துத்தநாகம் பூசிய அரை அங்குலக் கண்ணுள்ள வெல்டு மெஷ்ஷை (பற்றவைத்த கம்பி வலையை) சுவரின் அடியில் யு ஆணியால் அறைந்து, உட்புறமாக 45 சென்டிமீட்டர் நீளத்துக்கு மண்ணுக்கடியில் விரித்து மூடுங்கள். ஆமை சுவரை ஒட்டியே தோண்டும், தோண்டியதும் வலையில் தட்டும். பின்வாங்கி வலையின் ஓரத்துக்குச் சென்று தோண்ட வேண்டும் என்று அதற்குத் தோன்றாது. கோழிக்கூட்டு வலை இதற்கு உதவாது. அதன் கம்பி மெல்லியது, சீக்கிரம் துருப்பிடிக்கும், பெரிய கண்ணுள்ளதாக இருந்தால் குஞ்சு நுழைந்துவிடும்.

இந்த எச்சரிக்கை வீண் அல்ல. பெண் ஆமைகள் மே முதல் ஜூலை வரை பெரும்பாலும் அந்தி நேரத்தில் குழி தோண்டி முட்டையிட்டு மண்ணால் மூடிவிடுகின்றன. நீங்கள் பார்க்காமலே இது நடந்துவிடலாம். கோடை முடிவில் வெளிவரும் குஞ்சின் ஓடு ஏறத்தாழ 3 சென்டிமீட்டர்தான். பலகைகள் இணையும் இடத்தில் விரல் நுழையும் இடைவெளி இருந்தால் அது அவற்றுக்கு வாசல். கதவு வைக்காதீர்கள், 60 சென்டிமீட்டர் சுவரைத் தாண்டி உள்ளே இறங்குவது பெரியவர்களுக்குக் கடினமல்ல, கதவின் அடியிடுக்கோ காலப்போக்கில் அகன்றுகொண்டே போகும்.

வெளியே போவதைத் தடுத்த சுவர் உள்ளே வருவதைத் தடுக்காது. இரவில் இரை தேடும் ரக்கூன் என்ற விலங்கு, ஆமையின் மூடிய ஓட்டை உடைக்க முடியாவிட்டாலும் வெளியே நீளும் காலைக் கடித்துத் துண்டாக்கிவிடும். நாற்றம் பீய்ச்சும் ஸ்கங்க் என்ற விலங்கு முட்டைகளைத் தோண்டித் தின்னும். ஆகவே மரச் சட்டத்தில் அதே வெல்டு மெஷ்ஷை அடித்துக் கீல் வைத்த மூடிகள் செய்யுங்கள். ஒரு கையால் தூக்கும்படி 4 அடிக்கு 4 அடி அளவில் இருந்தால் போதும். ரக்கூனின் விரல்கள் சாதாரணக் கொண்டியைத் திறந்துவிடும் என்பதால் அழுத்தித் திருப்பினால் மட்டுமே திறக்கும் கொக்கியைப் போடுங்கள். கண்ணாடியும் பாலிகார்பனேட்டும் வேண்டாம். வைட்டமின் டி3 உருவாகத் தேவையான புற ஊதா-பி கதிரை அவை தடுத்துவிடும், வெயிலில் உள்ளே வெக்கையும் ஏறும். மூடி இருக்கிறதே என்று விளிம்புப் பலகையை விட்டுவிடாதீர்கள், மூடியைத் திறந்து வைத்து நீங்கள் வேலை செய்யும் நேரங்களும் உண்டு.

உள்ளே மண்ணோடு மக்கிய இலையைக் கலந்து, மேலே கைத்தடிமனுக்குச் சருகு பரப்புங்கள். பெரணி, ஸ்ட்ராபெரி, குளோவர் ஆகியவற்றை நடலாம். அரளி, டாஃபோடில், அசேலியா கூடாது. தண்ணீர்த் தட்டு சாய்வான ஓரங்களோடு, ஆமையின் தாடைக்கு மேல் நீர் ஏறாத ஆழத்தில், தரைமட்டத்துக்குப் பதிந்திருக்க வேண்டும். செங்குத்தான ஓரமுள்ள பாத்திரத்தில் விழுந்த ஆமை மூழ்கி இறந்துவிடும். பூச்சிமருந்து எதையும் இந்தப் பக்கம் கொண்டுவராதீர்கள்.

குளிர்காலம் வரும்போது, அக்டோபர் வாக்கில், ஆமை மண்ணுக்குள் இறங்கத் தொடங்கும். குளிர் கூடக் கூட ஆழமாகப் போகும். சுவரை ஒட்டி இறங்கிய ஆமை வசந்தத்தில் மறுபக்கம் எழுந்து வந்துவிடலாம் என்பதால், அடைப்பின் நடுப்பகுதியில் 60 சென்டிமீட்டர் ஆழத்துக்கு மண்ணைக் கிளறி இளக்கி, மேலே சருகைக் குவித்து, அதுவே வசதியான இடம் என்று அதற்குத் தோன்றும்படி செய்யுங்கள். தரை ஆழமாக உறையும் வட மாநிலங்களில் இந்த ஆழம் போதாது. அங்கே உங்கள் ஊரின் உறைமட்டத்தை, அதாவது குளிரில் மண் உறையும் ஆழத்தை, கேட்டறிந்து அதற்கும் கீழே இளக்க வேண்டும்.

ஆமையை விட்ட முதல் சில வாரங்களில், குறிப்பாக மழை பெய்து ஓய்ந்த காலைகளில், சுவரோரமாக ஒரு சுற்று நடந்து பாருங்கள். மூலையில் புதிதாகக் கீறிய மண், பலகையில் நகத்தின் வெளிறிய கோடுகள், நசுங்கி ஒற்றையடிப் பாதையாகிவிட்ட சருகு ஆகியவை அது எங்கே முயல்கிறது என்பதைக் காட்டிவிடும். அந்த இடத்தை அன்றே சரிசெய்யுங்கள். ஒவ்வோர் ஆமையின் ஓட்டிலும் உள்ள மஞ்சள், ஆரஞ்சு கோலம் வேறுபடும். மேலிருந்தும் கீழிருந்தும் எடுத்த படங்களை வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றைக் காணவில்லை என்றால் முதலில் அடைப்புக்குள்ளேயே, சருகுக்கு அடியிலும் கட்டைகளின் கீழும் கையால் துழாவுங்கள், பெரும்பாலும் அங்கேதான் புதைந்திருக்கும். அங்கு இல்லையெனில் சுவரின் வெளிப்புறத்திலிருந்து தொடங்கிப் புதர்களின் அடியில் தேடுங்கள். அதற்கு அடுத்த மழை பெய்த காலையில் மீண்டும் தேடுங்கள், ஈரம் பட்டதும் பெட்டி ஆமை வெளியே நடமாடத் தொடங்கும்.