மைலோ டின்னில் கிடக்கும் 'காமன்' அட்டைகளைக் கிலோ கணக்கில் தள்ளிவிடாதீர்கள்

தீபாவளிக்கு வீவக வீட்டைச் சுத்தம் செய்யும்போது 'மேஜிக்: தி கேதரிங்' என்ற சேகரிப்பு அட்டை விளையாட்டின் பழைய அட்டைகள் கிடைத்தால் கொஞ்சம் பொறுங்கள். நான் ஒரு கட்டு அட்டைகளை அப்படியே 5 வெள்ளிக்குக் கொடுத்துவிட்டேன். அதில் 'ரிஸ்டிக் ஸ்டடி' என்ற அட்டை ஒன்று இருந்தது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

2000இல் 'ப்ராஃபசி' தொகுப்பில் வெறும் காமனாக, அதாவது எளிதில் கிடைக்கும் சாதாரண ரகமாக, வந்த நீல அட்டை அது. எதிராளி மந்திரம் போடும்போதெல்லாம் ஒரு மானா (மந்திரத்துக்குச் செலவிடும் சக்தி) கூடுதலாகக் கட்ட வேண்டும். இல்லாவிட்டால் நமக்கு ஒரு அட்டை. இருவர் ஆட்டத்தில் சுமார்தான். நால்வர் ஆடும் 'கமாண்டர்' ஆட்டத்தில் எதிராளிகள் மூவர், அதனால்தான் அத்தனை கிராக்கி. இன்று ஒற்றை அட்டைக்கே பல பத்து வெள்ளி கேட்கிறார்கள். 1997இல் 'டெம்பஸ்ட்' தொகுப்பில் வந்த 'லோட்டஸ் பெட்டல்' இப்படி மதிப்புக் கூடிய இன்னொரு காமன்.

படத்துக்குக் கீழே வலப்பக்கம் இருக்கும் தொகுப்புச் சின்னம் கறுப்பாக இருந்தால் காமன் என்பார்கள். சரிதான், ஆனால் அந்த நிற வழக்கம் 1998இன் 'எக்ஸோடஸ்' தொகுப்போடுதான் தொடங்கியது. அதற்கு முந்தியவற்றில் அரிய அட்டைக்கும் கறுப்புச் சின்னமே! ஆகவே நிறத்தை நம்பாமல் பெயரையும் தொகுப்பையும் சேர்த்துத் தேடுங்கள். விற்பவர் கேட்கும் விலையை விட்டுவிட்டு, விற்றுப்போன விலையைப் பாருங்கள்.

அப்புறம், நம்மூர் ஈரப்பதத்தில் அட்டை அப்பளம் போல வளையும். உறையில் போட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றையும் டின்னுக்குள் போட்டுவையுங்கள்.