குட்டி யானைக்கு அடுக்குப் பெட்டி: ஒரு ஏசி மெக்கானிக்கின் கணக்கு

திருச்சியில் 14 வருடமாக ஏசி வேலை பார்க்கிறேன். வண்டி டாடா ஏஸ், ஊர் வாயில் குட்டி யானை. முதல் ஆறு வருடம் டூல்ஸ் எல்லாம் ஒரே இரும்பு டிரங்குப் பெட்டியில் குவிந்து கிடந்தன. ஒரு மே மாதம், தில்லைநகரில் லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடியில் ஸ்ப்ளிட் ஏசி மாட்டப் போனோம். ரசமட்டம் எடுக்க ஒரு தடவை, செம்புக் குழாயின் வாயை விரிக்கும் ஃபிளேரிங் டூலுக்கு ஒரு தடவை, ஆலன் கீக்கு இன்னொரு தடவை என்று நானும் உதவிக்கு வந்த தம்பியும் மாறி மாறி ஒன்பது தடவை இறங்கி ஏறினோம். கடைசித் தடவை அவன் படியிலேயே உட்கார்ந்துவிட்டான். ஒன்றன்மேல் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் பெட்டிகளுக்கு மாறுவது என்று அன்றுதான் முடிவு செய்தேன்.

கடைக்குப் போவதற்கு முன் ஒரு வாரம் சட்டைப்பையில் சின்ன நோட்டு வைத்திருங்கள். எந்த வேலைக்கு எதை எடுக்க வண்டிக்குத் திரும்பினீர்கள் என்று எழுதுங்கள். என் நோட்டில் மூன்று கூட்டம் தெளிவாகப் பிரிந்தது. சர்வீஸ் என்றால் ஸ்க்ரூடிரைவர், கிளாம்ப் மீட்டர், கெபாசிட்டர், கழுவும்போது கட்டும் கவர். ஏசிக்குக் கேஸ் ஏற்றும் வேலை என்றால் அழுத்தம் பார்க்கும் மேனிஃபோல்டு கேஜ், குழாய்க் காற்றை உறிஞ்சும் வேக்யூம் பம்ப், எடை மெஷின், நைட்ரஜன் ரெகுலேட்டர். இன்ஸ்டாலேஷன் என்றால் ஹாமர் டிரில், கோர் பிட், டியூப் கட்டர், ஃபிளேரிங் டூல். ஸ்பானர் எல்லாம் ஒரு பெட்டி, மீட்டர் எல்லாம் ஒரு பெட்டி என்று இனம் பிரிக்காதீர்கள். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் ஒவ்வொரு வேலைக்கும் நான்கு பெட்டி தூக்க வேண்டிவரும். வேலைக்கு ஒரு பெட்டி என்று பிரியுங்கள். அதற்காக ஒரு ஸ்க்ரூடிரைவர் செட் கூடுதலாக வாங்கினாலும் தப்பில்லை.

அடுத்தது வண்டியின் அளவு. என் வண்டியின் பின்தட்டு உள்ளே ஏறத்தாழ 2200 மி.மீ. நீளம், 1490 மி.மீ. அகலம், பக்கச்சுவர் 300 மி.மீ. உயரம். நான் பார்த்தவற்றில் போஷ் எல்-பாக்ஸ் பெட்டியின் அடிப்பாகம் 442க்கு 357. குறுகிய பக்கம் வைத்தால் அகலவாக்கில் நான்கு பெட்டி, 1428 மி.மீ. மிச்சம் 62தான், கைவிட இடம் இருக்காது. நீளப்பக்கம் வைத்தால் மூன்று பெட்டி, 1326. மிச்சம் கிடைக்கும் 164 மி.மீ. சந்தில் ரசமட்டமும் பைப் பெண்டரும் நிற்கின்றன. அகலவாக்கில் வரிசைக்கு ஒரு பெட்டி குறைந்தாலும் எனக்கு இதுதான் சரிப்பட்டது.

மில்வாக்கி பேக்அவுட், டிவால்ட் டஃப்சிஸ்டம், எல்-பாக்ஸ் எல்லாமே நல்ல சாமான்கள்தான். ஆனால் ஒன்றின் கொக்கி இன்னொன்றில் மாட்டாது. முதல் பெட்டி வாங்கும்போதே அடுத்த பத்து வருடத்துக்கான கம்பெனியையும் சேர்த்தே தேர்ந்தெடுக்கிறீர்கள். அதனால் உங்கள் ஊர்க் கடையில் தனிப் பெட்டியும் கொக்கியும் பிறகு கிடைக்குமா என்று முதலில் கேளுங்கள். கடையில் வெறும் பெட்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டு வாங்காதீர்கள். உங்கள் டூல்ஸைக் கொண்டுபோய் உள்ளே போட்டு, ஒரு கையால் தூக்கி, ஒரு மாடி ஏறிப் பாருங்கள். என் வேக்யூம் பம்ப் மட்டுமே 10 கிலோவுக்கு மேல். அதற்குத் தனிப் பெட்டி கொடுத்து அடுக்கின் அடியில் வைத்திருக்கிறேன். அதைப் படுக்கவைத்தால் ஆயில் கசியும். சக்கரம் வைத்த பெட்டி பெரிய சைட்டுக்கு உதவும், மாடிப்படியில் பாரம்தான்.

பெட்டியில் ஐபி என்று ஒரு எண் போட்டிருப்பார்கள். முதல் இலக்கம் தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. 54 என்றால் தூசி கொஞ்சம் உள்ளே போகலாம், தெறிக்கும் தண்ணீரைத் தாங்கும். 65 என்றால் தூசி நுழையாது, பீய்ச்சும் தண்ணீரையும் தாங்கும். தார்ப்பாய் கட்டிய வண்டிக்கு 54 போதும். திறந்த வண்டியில் ஐப்பசி மழையில் ஓடுகிறவர்கள் மீட்டர் வைக்கும் பெட்டியையாவது 65 ஆக வாங்குங்கள்.

கொக்கிகள் பெட்டியோடு பெட்டியைத்தான் பிடிக்கும், வண்டியோடு பிடிக்காது. இதைப் பலர் கவனிப்பதில்லை. மூன்று அடுக்கு வைத்தால் உயரம் 300 மி.மீ. பக்கச்சுவரைத் தாண்டிவிடும், அது தடுக்காது. அடியில் 12 மி.மீ. பிளைவுட் போட்டு, மேலே ராட்செட் பெல்ட்டால் இறுக்குங்கள். வெல்டிங் வைத்துப் பின்தட்டின் அமைப்பையே மாற்ற வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு வண்டியை மாற்றுவதைப் பற்றியதுதான். கழற்றக்கூடிய போல்ட் போதும்.

கேஸ் சிலிண்டரை எந்தக் காரணத்துக்காகவும் மூடிய பெட்டிக்குள் வைக்காதீர்கள். இப்போதைய ஏசிகளில் வரும் ஆர்32 கேஸ் தீப்பற்றக்கூடியது, காற்றைவிடக் கனமானது. கசிந்தால் பெட்டிக்குள்ளேயே தங்கும். பக்கத்தில் பேட்டரி டிரில் இருந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். சிலிண்டரை நிமிர்த்தி, கட்டி, நிழலும் காற்றும் படும்படி வையுங்கள். லித்தியம் பேட்டரிக்கும் வெயில் ஆகாது. கத்திரி வெயிலில் பூட்டிய கறுப்புப் பெட்டி அடுப்பு மாதிரி. கேபினும் உதவாது, என் வண்டியில் எஞ்சின் சீட்டுக்கு அடியிலேயே இருக்கிறது. பேட்டரிகளை நான் சின்னப் பையில் போட்டு வேலை நடக்கும் வீட்டுக்கே எடுத்துப் போய்விடுகிறேன்.

எடுத்த எடுப்பில் முழு செட் வாங்காமல் இரண்டு பெட்டியோடு ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள். உள்தடுப்புக்கும் தனியாகச் செலவு வேண்டாம். பைப்புக்குச் சுற்றி மிஞ்சும் கறுப்பு இன்சுலேஷன் ஷீட்டை வெட்டி, ஒவ்வொரு டூலின் வடிவத்துக்கும் குழி எடுத்தேன். முன்பெல்லாம் டியூப் கட்டரை அவுட்டோர் யூனிட் மேலேயே மறந்து வந்துவிடுவேன். இப்போது மூடியைச் சாத்தப்போகும்போதே காலிக் குழி கண்ணில் படுகிறது, திரும்பிப் போய் எடுத்துவருகிறேன்.