டப்பா தீர்ந்த பிறகு: தோலோடு பொரிக்கும் கோழிக்கு வீட்டிலேயே ஒரு மசாலா

என் அண்ணனுக்குச் சரக்குக் கப்பலில் சமையல் வேலை. ஒரு தடவை கப்பல் அமெரிக்காவின் சவானா துறைமுகத்தில் நின்றபோது, கோழி பொரிக்கிற மசாலா என்று ஒரு டப்பா வாங்கிவந்தார். ராயபுரத்தில் எங்கள் வீட்டு இரும்புச் சட்டியில் அவரே பொரித்தும் கொடுத்தார். மேலே கரடுமுரடாக மொறுமொறுப்பு, உள்ளே சாறு சொட்டச் சொட்டக் கறி. கடித்தவுடன் மிளகு வாசம், அதன் பின்னால் பூண்டு, கடைசியில் என்னவென்று சொல்லத் தெரியாத ஒரு தழை மணம். பிள்ளைகள் விரலை நக்கிக்கொண்டே எழுந்தார்கள். நாலு ஞாயிற்றுக்கிழமையில் டப்பா காலி.

சரி, நாமே செய்துவிடலாம் என்று இறங்கினேன். கை பழக்கத்தில் மிளகாய்த்தூள், மஞ்சள்தூள், கரம் மசாலா எல்லாம் விழுந்தன. பொரித்து வைத்தால் நல்ல ருசிதான், ஆனால் அது சிக்கன் 65. சாயங்காலம் தள்ளுவண்டியில் நூறு கிராம் நூறு கிராமாக நிறுத்துக் கொடுப்பார்களே, அதே ருசி. அண்ணனுக்குப் போன் போட்டேன். "மஞ்சத்தூளத் தூக்கி ஓரமா வை. கரம் மசாலாவத் தொடவே தொடாத. அங்க மிளகுதாம்மா முன்னாடி நிக்கும். மிளகாய் நிறத்துக்கு மட்டும்தான்" என்றார். அந்த ஒரு பேச்சில்தான் எனக்கு வழி பிடிபட்டது. நாம் கறி பொரிக்கிற மசாலாவில் மிளகாய் தலைவர், மற்றதெல்லாம் துணை. இதில் மிளகும் பூண்டும் வெங்காயமும் சேர்ந்து தூக்கிப் பிடிக்கின்றன. இதை மனதில் வைத்துக்கொண்டால் அளவு கொஞ்சம் முன்னே பின்னே போனாலும் ருசி தவறாது.

இந்தச் சமையல் எங்கிருந்து வந்தது என்பதையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கோழியைக் கொழுப்பில் பொரிக்கிற பழக்கம் ஸ்காட்லாந்திலிருந்து குடியேறியவர்களோடு அமெரிக்காவுக்குப் போனது என்பார்கள். அதற்கு மசாலாவும் கைப்பக்குவமும் கொடுத்தவர்கள், மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்ட மக்கள். 1824ல் வெளிவந்த ஒரு வர்ஜீனியா சமையல் புத்தகத்தில், கோழியின் மேல் தூவ மாவும் உப்பும்தான் இருக்கின்றன, மசாலா என்று எதுவும் கிடையாது. அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்த பிறகு, அதே வர்ஜீனியாவில் கோர்டன்ஸ்வில் என்ற ரயில் ஊரில், கறுப்பினப் பெண்கள் பொரித்த கோழியைத் தட்டில் வைத்துத் தலையில் சுமந்துபோய், ரயில் ஜன்னல் வழியாகப் பயணிகளுக்கு விற்றிருக்கிறார்கள். அந்த வருமானத்தில் வீடு கட்டியவர்களும் உண்டு. 1856ல் திறந்த ராயபுரம் ஸ்டேஷன் பக்கத்தில் வளர்ந்தவள் நான். ரயிலடியில் கூடை சுமந்து விற்கிற பெண்களைப் பார்த்தே பெரியவளானதால், அந்தப் பெண்கள் எனக்குத் தூரத்து ஆட்களாகத் தெரிவதில்லை.

இனி மசாலாவுக்கு வருவோம். முழுச் சாமான்களுக்கு நான் கோவிந்தப்ப நாயக்கன் தெருவுக்குத்தான் போவேன். வெள்ளை மிளகும் நல்ல சுக்கும் அங்கே ஒரே நடையில் முடிந்துவிடும்.

பூண்டுத்தூளும் வெங்காயத்தூளும் கடையில் கிடைக்கும். ஆனால் நான் வீட்டில்தான் செய்கிறேன். வாசத்தில் அவ்வளவு வித்தியாசம். பெரிய வெங்காயம் ஒரு கிலோவைத் தோல் நீக்கி, எவ்வளவு மெல்லிசாக முடியுமோ அவ்வளவு மெல்லிசாக நறுக்கி, உதிர்த்து, மொட்டைமாடியில் வெள்ளைத் துணி விரித்துப் பரப்புங்கள். மேலே ஒரு பழைய கொசுவலையைப் போர்த்திவிட்டால் காக்கைத் தொல்லை இல்லை. எங்கள் பக்கம் கவனிக்க வேண்டியது வெயிலை விடக் கடல் காற்றைத்தான். மூன்று மணி தாண்டியதும் கடல் பக்கமிருந்து ஈரக்காற்று ஏறும். காலை எட்டு மணியிலிருந்து காய்ந்ததெல்லாம் அரை மணியில் துவண்டுவிடும். அதனால் மூன்று மணிக்கே சுருட்டிக் கீழே கொண்டுவந்து, டப்பாவில் போட்டு மூடி, மறுநாள் திரும்பக் காயவைக்கணும். கத்திரி வெயிலில் மூன்று நாள் போதும், மற்ற மாதங்களில் ஐந்து நாள் ஆகும். ஒரு துண்டை எடுத்து வளைத்தால் மடக்கென்று ஒடியணும். ரப்பர் மாதிரி வளைந்தால் இன்னும் ஒரு நாள் வெயில் வேண்டும். ஒரு கிலோ காய்ந்து நூறு கிராம் வந்தாலே பெரிது. வெங்காயத்தில் அவ்வளவு தண்ணீர். பூண்டும் இதே முறைதான். உரித்துச் சீவல் சீவலாக நறுக்கிக் காயவையுங்கள். பிரியாணிக்கு வறுத்துவைத்த வெங்காயத்தைப் பொடித்துப் போடலாமே என்று தோன்றும். வேண்டாம். அதில் எண்ணெய் இருப்பதால் தூள் கட்டி கட்டியாகிவிடும், ருசியும் இனிப்புப் பக்கம் சாயும்.

மிளகாய்க்கு அங்கே பாப்ரிகா என்பார்கள். காரம் இல்லாத, செக்கச்செவேலென்ற பழுத்த மிளகாயின் தூள். அதற்கு இங்கே காஷ்மீரி மிளகாய் சரியாக வரும். இல்லையென்றால் பியாடகி மிளகாயை விதை உதறிவிட்டு அரைக்கலாம். கொஞ்சம் காரத்துக்குக் குண்டூர் மிளகாய்த்தூள் தனியாக ஒரு டீஸ்பூன். அதற்கு மேல் கை போகக் கூடாது. காரம் ஏறிவிட்டால் மற்ற வாசமெல்லாம் பின்னுக்குப் போய்விடும்.

மிளகில் இரண்டு வகையும் வேண்டும். கருப்பு மிளகு மூக்கில் ஏறும். வெள்ளை மிளகு அப்படி இல்லை. பழுத்த மிளகை ஊறவைத்துத் தோலை நீக்கியது அது. நாக்கின் பின்பக்கம் மெல்ல மெல்லச் சூடேற்றும். லேசாகப் புளித்த மாதிரி ஒரு வாடையும் இருக்கும். முதல் தடவை முகர்ந்தபோது கெட்டுப்போன சாமான் என்று நினைத்துக் கடைக்குத் திருப்பிக் கொண்டுபோகப் பார்த்தேன். அந்த வாடைதான் பொரித்த பிறகு "இது கடை ருசி" என்று நம்மைச் சொல்லவைக்கிறது. கே.எஃப்.சி. கோழிக் கடைகளைத் தொடங்கிய கென்டக்கி கர்னல் சாண்டர்ஸின் 11 மசாலா ரகசியம் எல்லோருக்கும் தெரிந்த கதை. 2016ல் சிகாகோ நாளிதழ் ஒன்றில், அவர் குடும்பத்துப் பழைய ஆல்பத்திலிருந்து கிடைத்த கைப்பிரதி என்று ஒரு பட்டியல் வந்தது. கம்பெனி அதை ஒத்துக்கொள்ளவில்லை. ஆனாலும் அந்தப் பட்டியலில் கருப்பு மிளகைப் போல் மூன்று மடங்கு வெள்ளை மிளகு இருந்தது. நான் அவ்வளவு போடுவதில்லை, எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு அந்த வாடை தூக்கலாகத் தெரிகிறது. கருப்பில் பாதி அளவு வெள்ளை போடுகிறேன்.

அடுத்து அந்தத் தழை மணம். அது தைம் என்கிற இலை. காய்ந்த தைம், ஆரிகனோ இரண்டும் இப்போது சூப்பர் மார்க்கெட்டில் சின்ன பாட்டிலில் கிடைக்கின்றன. தைம் கிடைக்காவிட்டால் கவலை வேண்டாம், அஞ்சறைப் பெட்டியிலேயே பதில் இருக்கிறது. ஓமம்! தைமுக்கு மணம் கொடுக்கிற தைமால் என்ற சத்துதான் ஓமத்திலும் இருக்கிறது. ஓமத்தில் அது மிக அதிகம். ஆகவே இரண்டு டீஸ்பூன் தைம் போட வேண்டிய இடத்தில் அரை டீஸ்பூன் ஓமம் போதும். கூடினால் கோழி முறுக்கு வாசம் அடிக்கும்.

கடுகு, சுக்கு இரண்டும் கொஞ்சம். அங்கே போடுவது மஞ்சள் கடுகு. நம் கருங்கடுகு அதைவிடச் சுருக்கென்று இருக்கும், அதனால் அளவைக் குறைத்துக்கொள்ளணும். அஜினமோட்டோ உங்கள் விருப்பம். நான் சேர்ப்பதில்லை.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: எதையும் வாணலியில் வறுக்கக் கூடாது. நாம் எந்தப் பொடி செய்தாலும் முதலில் வறுப்போம். இது எண்ணெயில் போய் வறுபடப் போகிற மசாலா. முன்னாலேயே வறுத்தால், பொரிக்கும்போது மிளகாயும் பூண்டும் கருகிக் கசந்துவிடும். வெயிலில் ஒரு மணி நேரம் காய்ந்தால் போதும்.

மில்லுக்கும் கொடுக்காதீர்கள். நான் ஒரு தடவை அளவு நிறைய இருக்கிறதே என்று மாவு மில்லில் அரைத்துவந்தேன். எனக்கு முன்னால் யாரோ குழம்பு மிளகாய்த்தூள் அரைத்திருக்கிறார்கள். தனியா வாசம் ஒட்டிக்கொண்டு அத்தனையும் சாம்பார்ப் பொடி மாதிரி மணத்தது. மிக்ஸியின் சின்ன ஜார்தான் சரி. முதலில் பச்சரிசி இரண்டு ஸ்பூன் போட்டு ஓட்டித் துடைத்தால் ஜாரில் இருக்கிற பழைய வாசம் போய்விடும். வெங்காயம், பூண்டு, சுக்கு, கடுகு ஆகியவற்றைத் தனித்தனியாக நைசாக அரைத்துச் சலித்துக்கொள்ளுங்கள். வெள்ளை மிளகும் நைசாக இருக்கட்டும். கருப்பு மிளகை மட்டும் கொரகொரப்பாக விடுங்கள். பல்லில் அங்கங்கே கடிபடணும். தைமையும் ஆரிகனோவையும் அரைக்க வேண்டாம், உள்ளங்கையில் கசக்கிப் போட்டாலே மணம் தூக்கும்.

என் அளவு இதுதான். காஷ்மீரி மிளகாய்த்தூள் மூன்று மேசைக்கரண்டி. பூண்டுத்தூள், வெங்காயத்தூள், கருப்பு மிளகு ஒவ்வொன்றும் இரண்டு மேசைக்கரண்டி. வெள்ளை மிளகு ஒரு மேசைக்கரண்டி. தைம், ஆரிகனோ இரண்டு இரண்டு டீஸ்பூன். கடுகுத்தூள், சுக்குத்தூள், குண்டூர் மிளகாய்த்தூள் ஒரு ஒரு டீஸ்பூன். எல்லாவற்றையும் கலந்து ஒரு தடவை சலித்தால் வேலை முடிந்தது. ஏறக்குறைய மூன்று கிலோ கோழிக்கு வரும்.

உப்பைக் காணோமே என்பீர்கள். வேண்டுமென்றேதான் விட்டேன். அண்ணன் கொண்டுவந்த டப்பாவில் உப்பு கலந்தே இருந்தது. ருசிக்காக ஒரு ஸ்பூன் கூடப் போட்டால் உப்பு கரிக்கும், உப்புக்குப் பயந்து குறைத்தால் மணம் வராது. உப்பு தனியாக இருந்தால் இரண்டும் நம் கையில். ஒரு கிலோ கோழியை ஊறவைக்கத் தலைதட்டிய இரண்டு டீஸ்பூன் தூள் உப்பு, மாவில் ஒரு டீஸ்பூன். இவ்வளவுதான்.

கோழி வாங்கும்போது தோலோடு கேளுங்கள். கல்மண்டபத்தில் நான் வாங்குகிற கடையில் "தோலோடயாம்மா?" என்று இன்னொரு தடவை கேட்டுவிட்டுத்தான் கத்தியை எடுப்பார் கடைக்காரர். மாவு பிடித்து நிற்க அந்தத் தோல் வேண்டும். அந்த ஊரில் ஊறவைப்பது கெட்டியான புளித்த மோரில். நம் மோர் நீர்த்திருக்கும், அதனால் ஒரு கப் புளித்த தயிரைக் கால் கப் தண்ணீர் விட்டு அடித்துக்கொள்ளுங்கள். உப்போடு மசாலா ஒன்றரை மேசைக்கரண்டி கலந்து, கோழியைப் போட்டு ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜில் வையுங்கள்.

மறுநாள் மைதா கால் கிலோ, சோளமாவு (கார்ன்ஃபிளவர்) ஐம்பது கிராம், மசாலா மூன்று மேசைக்கரண்டி, உப்பு ஆகியவற்றைக் கலந்து, கோழி ஊறிய தயிரிலிருந்து மூன்று ஸ்பூன் எடுத்து மாவில் தெளித்துப் பிசிறிவிடுங்கள். மாவு அங்கங்கே சின்னச் சின்ன உருண்டையாகும். பொரித்த பிறகு மேலே முரடு முரடாக நிற்பது அதுதான். கோழியை மாவில் அழுத்திப் புரட்டி இருபது நிமிஷம் தட்டில் வைத்திருங்கள். மாவு ஈரத்தைக் குடித்து ஒட்டிக்கொள்ளட்டும்.

கடலை எண்ணெயில் பொரிக்கிறேன். சவானா இருக்கிற ஜார்ஜியாவும் கடலை விளைகிற மாநிலம்தான். எண்ணெய் 165 முதல் 170 டிகிரிக்குள் இருக்கணும். வெப்பமானி இல்லாவிட்டால் ஒரு சிட்டிகை மாவைப் போட்டுப் பாருங்கள். அடியில் போய்ச் சட்டென்று நுரைத்து மேலே வரணும், ஆனால் உடனே சிவந்துவிடக் கூடாது. சிவந்தால் சூடு அதிகம், மசாலா கருகும். மூன்று நாலு துண்டுக்கு மேல் ஒரே நேரத்தில் போடாமல், பன்னிரண்டு முதல் பதினைந்து நிமிஷம் திருப்பித் திருப்பி வேகவிடுங்கள். தொடைத் துண்டுக்கு இன்னும் இரண்டு நிமிஷம் கூட ஆகும். எலும்பை ஒட்டிய இடத்தில் 74 டிகிரி வந்திருந்தால் வெந்துவிட்டது. எடுத்துப் பேப்பரில் போட்டால் அடிப்பக்கம் ஆவியில் நமத்துவிடும், கம்பித் தட்டில் வடியவிடுங்கள்.

மீந்த மாவில் பச்சைக் கோழி பட்டிருக்கும், அதைக் கொட்டிவிடுங்கள். மீந்த மசாலாவைக் கண்ணாடிப் பாட்டிலில், காய்ந்த ஸ்பூன் மட்டும் போட்டு, ஃபிரிட்ஜில் வையுங்கள். எங்கள் பக்கத்து ஈரத்துக்கு அலமாரியில் ஒரு மாதம் தாங்குவதே கஷ்டம். ஃபிரிட்ஜில் மூன்று மாதம் மணம் குறையாமல் இருக்கும். காசிமேட்டில் நெத்திலி மலிவாகக் கிடைக்கிற நாளில் இதில் இரண்டு ஸ்பூனை அரிசி மாவோடு சேர்த்துப் புரட்டிப் பொரித்துப் பாருங்கள். எலுமிச்சம்பழம் பிழிந்து சாப்பிடணும்.