கான்சாஸில் மலையேறப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

கான்சாஸுக்கு மலையேறப் போகிறேன் என்று ஒரு அமெரிக்கரிடம் சொன்னால், முதலில் சிரித்துவிட்டுத்தான் மேற்கொண்டு பேசுவார். கோதுமை வயல், தானியக் கிடங்கு, மிச்சமெல்லாம் வானம் என்று பெயர் வாங்கிய மாநிலம் அது. ஆனாலும் அங்கே ஒரு சிகரம் இருக்கிறது. பெயர் மவுண்ட் சன்ஃபிளவர், உயரம் 4,039 அடி. அமெரிக்காவின் 50 மாநிலங்களிலும் உச்சிப் புள்ளியைத் தொட்டே தீருவது என்று கிளம்பிய ஒரு கூட்டம் உண்டு. அவர்களுக்கு வட அமெரிக்காவின் மிக உயரமான சிகரமான அலாஸ்காவின் தெனாலியும் ஒன்றுதான், இதுவும் ஒன்றுதான்.

இங்கே வருகிறவர்கள் முதலில் செய்யும் தவறு, மலையைத் தேடுவது. கொலராடோ எல்லையை ஒட்டிய வாலஸ் கவுண்டியில் (நம்மூர் மாவட்டம் மாதிரி) மண்சாலை வழியாகப் போனால் ஒரு மேய்ச்சல் நிலம் வரும். அதில் தண்டவாள ஆணிகளால் செய்த ஆளுயரச் சூரியகாந்தி ஒன்று நிற்கும். அதுதான் உச்சி. கார் கிட்டத்தட்ட அதன் காலடி வரை போகும். ‘மலை எங்கே?’ என்று கேட்கிறவர் பெரும்பாலும் அதன் மேல்தான் நின்றுகொண்டிருப்பார்.

சரி, அப்படியானால் ஏறவே இல்லையா என்றால், அப்படி நினைப்பதும் தவறுதான். கான்சாஸின் தென்கிழக்கு மூலையில் வெர்டிக்ரிஸ் ஆறு ஒக்லஹோமாவுக்குள் நுழையும் இடம் 679 அடி உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து சூரியகாந்தி வரை 3,360 அடி ஏற்றம். ஆனால் அந்த ஏற்றம் ஏறக்குறைய 400 மைலுக்குப் பரந்து கிடப்பதால் மைலுக்கு எட்டடிதான் தேறும். ஆக்சிலரேட்டரை மிதிக்கும் காலுக்கே அது தெரியாது. ராக்கி மலைகள் லட்சக்கணக்கான ஆண்டுகள் கரைந்து, ஆறுகள் அந்த மணலையும் சரளையையும் கிழக்கே கொண்டுவந்து கொட்டியதில் உண்டான சரிவு இது. ஒரு கையில் காபியோடு நெடுஞ்சாலையில் மேற்கே வண்டி ஓட்டுகிறவர் உண்மையில் மலையடிவாரத்தில்தான் ஏறிக்கொண்டிருக்கிறார். அப்பலாச்சியன் மலைத்தொடர் ஓடும் பென்சில்வேனியாவின் உச்சியே 3,213 அடிதான்.

உச்சியில் நின்று மேற்கே பார்க்காமல் இருப்பது மனநிம்மதிக்கு நல்லது. கொலராடோ பக்கம் நிலம் இன்னும் ஏறிக்கொண்டே போகும். இந்தச் சிகரத்தைச் சிகரமாக்கியது பூமியல்ல, எல்லைக்கோடு. இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1854இல் கான்சாஸ் பிரதேசம் உருவானபோது அதன் எல்லை ராக்கி மலைத்தொடரின் நீர்ப்பிரிமேடு வரை நீண்டிருந்தது. இன்றைய கொலராடோவில் இருக்கும் பைக்ஸ் பீக் சிகரத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டு தங்கம் தேடி ஓடியவர்கள் ஓடியது கான்சாஸுக்குள்தான். 1861இல் மாநிலமானபோது மேற்கு எல்லையைக் கிழக்கே இழுத்துக்கொண்டார்கள். 14,000 அடிச் சிகரங்களையெல்லாம் கைகழுவிவிட்டு ஒரு மாட்டுக் கொட்டில்காரரின் மேய்ச்சல் நிலத்தை உச்சியாக வைத்துக்கொண்ட மாநிலத்தை என்ன சொல்ல?

சொல்லக் கூடாதது ஒன்று இருக்கிறது: ‘பான்கேக்கைவிடத் தட்டை’ என்ற ஜோக். பான்கேக் என்றால் கிட்டத்தட்ட தடித்த தோசை. உள்ளூர்க்காரர்கள் அதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போனவர்கள். 2003இல் மூன்று புவியியலாளர்கள் கடையில் வாங்கிய பான்கேக்கை நிஜமாகவே அளந்து பார்த்து, கான்சாஸ்தான் அதிகத் தட்டை என்று ஒரு நகைச்சுவை அறிவியல் இதழில் எழுதினார்கள். கணக்கு சரிதான், குறும்பு அளவுகோலில் இருக்கிறது. 15 சென்டிமீட்டர் பான்கேக்கில் ஒன்றரை மில்லிமீட்டர் புடைப்பு இருந்தால் அது அகலத்தில் நூற்றில் ஒரு பங்கு. அதே பான்கேக்கை 400 மைலுக்கு இழுத்தால் அந்தப் புடைப்பு நான்கு மைல் உயரத்துக்கு எழும்பும். தெனாலியே அதற்குக் கீழேதான். அந்தக் கணக்குப்படி உலகின் பெரும்பாலான நாடுகள் பான்கேக்கைவிடத் தட்டைதான். பிறகு 2014இல் வேறு இரண்டு புவியியலாளர்கள், நிற்கிறவர் கண்ணுக்கு எவ்வளவு தட்டையாகத் தெரியும் என்ற முறையில் மாநிலங்களை வரிசைப்படுத்தியபோது முதலிடம் ஃபுளோரிடாவுக்குப் போனது. கான்சாஸ் ஏழாவது. ஆனாலும் ஜோக் என்னவோ ஃபுளோரிடாவுக்கு மாறவில்லை.

சிரித்துக்கொண்டே ஆபத்தை மறப்பதும் நடக்கிறது. மரமே இல்லாத மேட்டில் இடி மின்னல் வந்தால், சுற்றுவட்டாரத்தில் உயரமான பொருட்கள் இரண்டு: இரும்புப் பூ ஒன்று, நீங்கள் ஒன்று. மேகம் கறுத்தால் காருக்குள் போய்விடுங்கள். மழைக்குப் பிறகு மண்சாலை சேறாகிவிடும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். நெப்ராஸ்காவின் உச்சியான பனோரமா பாயிண்ட் காட்டெருமைப் பண்ணைக்குள் இருக்கிறது. அங்கே செல்ஃபி மோகத்தில் வண்டியை விட்டு இறங்கினால் பனிச்சரிவைவிட மோசமான ஒன்று நான்கு காலில் வரும். வடக்கு டகோட்டாவின் உச்சியான ஒயிட் பியூட்டில் திரிவது சாரைப்பாம்பல்ல, விஷமுள்ள கிலுகிலுப்பைப் பாம்பு.

இந்த உச்சிகள் பெரும்பாலும் யாரோ ஒருவரின் சொந்த நிலம் என்பதை மறக்க வேண்டாம். மூடியிருந்த கேட்டைத் திறந்தால் திரும்ப மூடுங்கள். இல்லினாயின் உச்சியான சார்ல்ஸ் மவுண்ட் ஆண்டில் சில வாரக்கடைசிகளில் மட்டும்தான் திறந்திருக்கும். தேதி பார்க்காமல் போனால் சாலையில் நின்று சிகரத்தைக் கும்பிட்டுவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

கடிகாரத்தையும் பாருங்கள். கான்சாஸில் நான்கே நான்கு கவுண்டிகள் ‘மவுண்டன் டைம்’ என்ற நேர மண்டலத்தில் இருக்கின்றன. அதில் வாலஸும் ஒன்று. கிழக்கிலிருந்து வருகிறவருக்கு ஒரு மணி நேரம் லாபம். கண்ணுக்கு மலை தெரியாவிட்டாலும் கைபேசியில் தெரியும்.

உச்சியில் ஒரு பலகை இருக்கிறது: 1897இல் இந்த இடத்தில் ஒன்றுமே நடக்கவில்லை என்கிறது அது. பக்கத்தில் ஒரு தபால் பெட்டி, உள்ளே வருகைப் பதிவேடு. பெயரை எழுதுங்கள், ஊரை எழுதுங்கள். ஆக்சிஜன் சிலிண்டர் இல்லாமலே ஏறிவிட்டேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். முந்தைய பக்கத்தைப் புரட்டினால் அது ஏற்கெனவே இருக்கும்.