இன்சூரன்ஸ் க்ளைம்ல ஸ்பேர் பார்ட்ஸ் பில்லு: உங்க கையில இருந்து எவ்ளோ போகும், எதைக் கேக்கணும்

பாண்டி ஆகட்டும் கடலூர் ஆகட்டும், இடிபட்ட வண்டிய ஒர்க்ஷாப்ல கொண்டு போய் நிறுத்துனா மொத கேள்வி "கேஷா, க்ளைமா சார்?" தான். உடனே பதில் சொல்லாதீங்க, ரெண்டுக்கும் தனித்தனியா எஸ்டிமேட் போட்டுக் குடுங்கன்னு சொல்லுங்க. கேஷ்னா பம்பர ஒட்டி, டோர டிங்கரிங் பண்ணி பட்டி பாத்து முடிச்சிடுவாங்க, க்ளைம்னா அதே பம்பரு அதே டோரு எல்லாமே புதுசா மாத்தணும்னு ஆயிடும். இதுல எல்லாமே ஏமாத்து வேலைன்னு சொல்லமாட்டேன், கம்பெனி ஒரிஜினல் பார்ட் எம்ஆர்பில தான் வரும், ஆனா "இன்சூரன்ஸ் தானே சார் குடுக்குது"ன்னு சொல்றாங்க பாருங்க, அந்த வார்த்தைல பாதி தான் உண்மை.

ஏன்னா சாதா காம்ப்ரிஹென்சிவ் பாலிசில தேய்மானம் கழிச்சுட்டு தான் குடுப்பாங்க. பிளாஸ்டிக், ரப்பர், டயர், பேட்டரி எல்லாத்துக்கும் 50 சதவீதம் போயிடும், ஃபைபருக்கு 30, கண்ணாடிக்கு ஒண்ணும் கழிக்க மாட்டாங்க. தகரத்துக்கு வண்டி வயசப் பொறுத்து: மொத ஆறு மாசம் ஒண்ணுமில்ல, அப்புறம் ஒரு வருஷம் வரைக்கும் 5, ரெண்டு வருஷம் வரைக்கும் 10, மூணு வரைக்கும் 15, நாலு வரைக்கும் 25, அஞ்சு வரைக்கும் 35, பத்து வரைக்கும் 40, அதுக்கு மேல 50. பெயிண்டிங் பில்லுல கால்வாசிய மெட்டீரியல்னு எடுத்துகிட்டு அதுல பாதி கழிப்பாங்க. இதுபோக கட்டாயமா நீங்க போடவேண்டியது 1500 சிசி வரைக்கும் 1000 ரூவா, அதுக்கு மேல 2000.

கணக்கு போட்டு பாருங்க. மூணரை வருஷம் ஆன சின்ன கார், பம்பர் 4000, பானெட் 6000, பெயிண்டிங் 8000, லேபர் 2000, மொத்தம் 20,000. பம்பர்ல 2000, பானெட்ல 1500, பெயிண்ட்ல 1000, கட்டாயத் தொகை 1000, ஆக 5500 உங்க பாக்கெட்ல இருந்து. நட்டு, போல்ட்டு, கிளிப்பு, கூலண்ட், ஆயில் இதெல்லாம் கன்ஸ்யூமபிள்ஸ்னு தனியா வரும், அதுக்கு ஆட்-ஆன் (தனியா காசு கட்டி சேத்துக்குற கூடுதல் கவர்) இல்லன்னா அதுவும் உங்க தலைல தான். அப்போ பார்ட் வெல ஏறுனா ஏறுற காசுல உங்க பங்கும் இருக்கு. ஜீரோ டெப்னு ஒரு ஆட்-ஆன் போட்டிருந்தா பெரும்பாலும் தேய்மானம் கெடையாது, ஆனா நெறைய பாலிசில வருஷத்துக்கு ரெண்டு க்ளைம் தான்னு வச்சிருப்பாங்க, பேப்பர எடுத்து பாத்துக்குங்க.

இன்னொண்ணு என்சிபி, அதாவது நோ க்ளைம் போனஸ். க்ளைம் பண்ணாம இருந்தா 20, 25, 35, 45, 50 சதவீதம்னு ஓ.டி. (ஓன் டேமேஜ், நம்ம வண்டி சேதத்துக்கான) பிரீமியத்துல ஏறிகிட்டே போற தள்ளுபடி, க்ளைம் பண்ணா பூஜ்யத்துக்கு வந்துடும் (ப்ரொடெக்ட் ஆட்-ஆன் இருந்தா தப்பிச்சீங்க). நேரு வீதில பார்க்கிங் பண்றப்ப யாரோ உரசிட்டுப் போன கோடுக்கெல்லாம் க்ளைம் போடுறது என்னைக் கேட்டா வேஸ்ட்.

இப்போ முக்கியமான எடம். எஸ்டிமேட்ட "பாடி ஒர்க், லம்ப்சம்"னு வாங்காதீங்க, ஒவ்வொரு பார்ட்டுக்கும் பார்ட் நம்பர், வெல, ஜிஎஸ்டி, லேபர் தனித்தனியா எழுதச் சொல்லுங்க. பார்ட் நம்பர் கெடச்சா வேற ஸ்பேர்ஸ் கடைல கேட்டு எம்ஆர்பி சரியான்னு பாத்துடலாம். சர்வேயர் (சேதத்த பாத்து மதிப்பு போட இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்புறவர்) வர்ற அன்னிக்கு முடிஞ்சா நீங்களும் போய் நில்லுங்க, அவர் வந்து பாக்குறதுக்கு முன்னாடி வண்டிய பிரிக்க விடாதீங்க. பிரிச்சப்புறம் உள்ள வேற ஏதாச்சும் ஒடஞ்சிருந்தா சப்ளிமெண்டரின்னு எஸ்டிமேட் போட்டு திரும்ப சர்வேயர்கிட்ட அப்ரூவல் வாங்கணும், அது வாங்காம மாத்துன பார்ட்டுக்கு காசு வர்றது கஷ்டம்.

வேல முடிஞ்சு "சார், டிஃபரன்ஸ் இவ்ளோ கட்டணும்"னு ஃபோன் வரும். அந்த டிஃபரன்ஸ் எதனாலன்னு வரி வரியா கேளுங்க. தேய்மானம், கட்டாயத் தொகை, கன்ஸ்யூமபிள்ஸ்னா நியாயம், கட்டித்தான் ஆகணும். லேபர் ஜாஸ்தின்னு சர்வேயர் வெட்டுனதையோ, ரிப்பேர் போதும்னு அவர் சொன்ன பார்ட்ட உங்ககிட்ட ஒரு வார்த்த கேக்காம மாத்துனதையோ உங்க கணக்குல எழுதுனா ஒத்துக்காதீங்க. கேஷ்லெஸ் கராஜ்னா (இன்சூரன்ஸ் கம்பெனியே நேரா பில்லு கட்டுற ஒர்க்ஷாப்) லேபர் ரேட்டு கம்பெனியோட முன்னாடியே பேசி வச்சிருப்பாங்க, அதுக்கு மேல உங்ககிட்ட வாங்க என்ன காரணம்னு கேளுங்க. சர்வேயர் போட்ட அசெஸ்மெண்ட் ஷீட்டோட காப்பி இன்சூரன்ஸ் கம்பெனிகிட்ட மெயில் போட்டு வாங்கலாம், அது கையில இருந்தா பேச்சு மரியாதையா போகும்.

வண்டி எடுக்குறப்ப பழைய பார்ட்ட காட்டச் சொல்லுங்க, புது பார்ட் வந்த பாக்ஸ்ல இருக்கற ஸ்டிக்கரயும் (பார்ட் நம்பர், எம்ஆர்பி, பேக்கிங் மாசம்) ஃபோட்டோ எடுத்துக்குங்க. பழசு சால்வேஜ்னு இன்சூரன்ஸ்காரங்களுக்கு போகும், அதனால வீட்டுக்கு எடுத்துட்டு போக முடியாது, பாக்கலாம். டோர் புதுசுன்னு பில்லு போட்டுட்டு பழசையே தட்டிருக்காங்களோன்னு சந்தேகமா இருந்தா ஃபிரிட்ஜ்ல ஒட்டுற மேக்னெட்ட எடுத்துட்டு போய் வச்சு பாருங்க, பட்டி கெட்டியா இருக்கற எடத்துல புடிக்காம வழுக்கும். நம்ம ஊரு கடல் காத்துக்கு பட்டிக்கு அடில துரு சீக்கிரம் கெளம்பிடும், அதனால புதுசுக்கு காசு குடுத்தா புதுசே வந்தாகணும்.

பேசி ஒத்து வரலன்னா மொதல்ல இன்சூரன்ஸ் கம்பெனியோட குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத்துல குடுங்க. அதோட இன்சூரன்ஸ் கம்பெனிகள கண்காணிக்கிற ஐஆர்டிஏஐ-யோட பீமா பரோசா போர்ட்டல்லயோ 155255-லயோ புகார் பதியலாம். ஒரு மாசத்துல பதில் வரலன்னாலும், வந்த பதில் சரியில்லன்னாலும் இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேன் (இந்த மாதிரி புகார விசாரிச்சு தீர்க்குற அதிகாரி) கிட்ட போகலாம். தமிழ்நாட்டுக்கும் பாண்டி, காரைக்காலுக்கும் சென்னை ஆபீஸ் தான், ஃபீஸ் கெடையாது, வக்கீலும் தேவையில்ல.