வானத்தின் டெம்பரேச்சர் பார்ப்பது எப்படி?

செல்லூரில் ஏசி, ஃபிரிட்ஜ் வேலை பார்க்கிறவன் நான். பையில் எப்போதும் ஒரு டெம்பரேச்சர் கன் கிடக்கும், தொடாமலே சூட்டை அளக்கிற கருவி. ஏசியில் காற்று வருகிற இடத்தில் நீட்டி அமுக்கினால் கூலிங் சரியா இல்லையா என்று தெரிந்துவிடும். அதையே வானத்தை நோக்கி நீட்டிப் பாருங்கள். பூமி ஏன் சூடாகிறது என்ற கதையில் பாதி அங்கே இருக்கிறது.

கொரோனா காலத்தில் நெற்றிக்கு நீட்டிய கன் ஆகாது, ‘லோ’ என்று காட்டி நின்றுவிடும். மைனஸ் 50 வரை காட்டுகிற, மெக்கானிக்குகள் வைத்திருக்கிற வகை வேண்டும்.

மார்கழி, தை மாதத்தில் மேகமில்லாத ராத்திரியாகப் பார்த்து மொட்டை மாடிக்குப் போங்கள். முதலில் தட்டோட்டுத் தரையை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். எவர்சில்வர் குடத்தை அளக்காதீர்கள். பளபளப்பான பொருள் தன் சூட்டைச் சொல்லாது, எதிரே இருப்பதன் சூட்டைத்தான் காட்டும். அப்புறம் தலைக்கு நேர் மேலே நீட்டுங்கள். தூரம் கூடக் கூட கன் பார்க்கிற வட்டமும் பெரிதாகும், அதனால் தென்னை மட்டையோ பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியோ குறுக்கே வரக் கூடாது. லேசரை அணைத்துவிடுங்கள், விமானம் போகிற ஊர். பகலில் சூரியன் பக்கம் திருப்பவே கூடாது, சென்சார் போய்விடும்.

போன தை மாதம் எனக்குத் தரை 25, உச்சி வானம் மைனஸ் 3. கையை மெல்லச் சாய்த்து யானைமலைப் பக்கம் இறக்க இறக்க எண் ஏறிக்கொண்டே வந்தது. சாய்வாகப் பார்த்தால் நடுவில் காற்றும் ஈரமும் அதிகம். அரை மணி கழித்துத் தாழ்வாக ஒரு மேகம் வந்தது: 13.

கூட நின்ற அக்கா மகன் இன்ஜினியரிங் படிக்கிறான். “மாமா, குளிர்ந்த இடத்திலிருந்து சூடான இடத்துக்குச் சூடு தானாகப் போகாதுங்கிறதுதானே வெப்ப இயக்கவியலோட ரெண்டாவது விதி? அதுக்குத்தானே உங்க கம்ப்ரஸரே இருக்கு? அப்புறம் வானம் எப்படித் தரையைச் சூடாக்கும்?” என்று மடக்கினான்.

நல்ல கேள்வி. கூட்டிக் கழித்துப் பார்த்தால் சூடு 25-லிருந்து மைனஸ் 3-க்குத்தான் போகிறது, விதி மீறப்படவில்லை. ஆனால் வானமும் கொஞ்சம் திருப்பி அனுப்புகிறது, அதனால் தரை மெதுவாக ஆறுகிறது. மேகம் வந்தால் இன்னும் மெதுவாக. சூரியனிடமிருந்து வரவு குறையவில்லை, செலவு மட்டும் தடைபடுகிறது என்றால், இரண்டும் சமமாகும்வரை தரை சூடேறித்தான் ஆக வேண்டும். இது அதே வெப்ப இயக்கவியலின் முதல் விதி: ஆற்றல் அழியாது, வரவு செலவு கணக்கு சரியாக இருக்க வேண்டும். இந்தத் தடையே இல்லாவிட்டால் பூமியின் சராசரி மைனஸ் 18 டிகிரியாக இருக்கும். இருப்பதால்தான் 15 பக்கம் நிற்கிறது.

ஒரு எச்சரிக்கை. கன் காட்டுவது கரியமில வாயுவின் வேலை என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடாதீர்கள். இந்த வகைக் கன்கள் பெரும்பாலும் 8 முதல் 14 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரை அலைநீளமுள்ள வெப்பக் கதிரைத்தான் பார்க்கும். கரியமில வாயு அழுத்திப் பிடிப்பது 15 மைக்ரானைச் சுற்றி. ஆக, நாம் பார்த்தது பெரும்பாலும் நீராவியும் மேகமும். நீராவி சில நாட்களில் மழையாக இறங்கிவிடும். நிலக்கரி, டீசல், சிமென்ட் சூளையிலிருந்து போன கரியமில வாயுவில் ஒரு பங்கு நூற்றாண்டுக்கணக்கில் மேலேயே நிற்கும். ஆலைகள் வருவதற்கு முன் காற்றில் பத்து லட்சத்துக்கு 280 பங்கு இருந்தது, இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. காற்று ஒரு டிகிரி சூடேறினால் சுமார் 7 சதவீதம் கூடுதல் நீராவி தாங்கும், அந்த நீராவியும் சேர்ந்து மறிக்கும்.

எங்கள் தொழிலுக்கும் பங்கு உண்டு. பழைய ஏசியில் இருக்கிற ஆர்-22 கேஸ் ஒரு கிலோ வெளியே போனால், நூறு வருடக் கணக்கில் சுமார் 1,800 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். வால்வைத் திறந்து ‘புஸ்’ என்று விட்ட காலம் எனக்கும் உண்டு. இப்போது ரிக்கவரி சிலிண்டரில் இறக்குகிறேன். அரை மணி கூடுதலாகிறது. அதற்குக் காசு கேட்டால்தான் கஸ்டமர் முகம் மாறுகிறது.