பவர் ஸ்டேஷனில் சோலார் பேனலை மாட்டும் முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பவர் ஸ்டேஷனில், அதாவது பேட்டரியும் சாக்கெட்டுகளும் சேர்ந்த, தூக்கிச் செல்லும் பெட்டியில், பிளக் சரியாக உள்ளே போய்விட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கத்தான் தோன்றும். போன் சார்ஜர்கள் நம்மை அப்படிப் பழக்கிவிட்டன. யுஎஸ்பி-சி ஒயரின் இரண்டு முனைகளிலும் உள்ள கருவிகள் 5 வோல்ட்டில் ஆரம்பித்து, எவ்வளவு தாங்கும் என்று தங்களுக்குள் பேசி முடித்த பிறகே வோல்ட்டை ஏற்றுகின்றன. சோலார் பேனலுக்கு அந்த நாகரிகம் எல்லாம் கிடையாது. வெயில் பட்டதும் தன்னிடம் இருக்கும் வோல்டேஜை அப்படியே கொண்டுவந்து வாசலில் இறக்கிவிடும். உள்ளே இருப்பது தாங்குமா என்று பார்ப்பது நம் வேலை.

வோல்டேஜ் திணிக்கப்படுவது, கரன்ட் இழுக்கப்படுவது. பவர் ஸ்டேஷனை எதனோடு இணைப்பதாக இருந்தாலும் இதை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 10 ஆம்பியர் மட்டுமே எடுக்கும் ஸ்டேஷனில் 15 ஆம்பியர் தரக்கூடிய பேனலை மாட்டினால், பெரும்பாலும் அது 10 ஆம்பியரை எடுத்துக்கொண்டு மீதியை விட்டுவிடும். 30 வோல்ட் தாங்கும் ஸ்டேஷனில் 40 வோல்ட் பேனலை மாட்டினால் அது அப்படி நடந்துகொள்ளாது. இன்புட் சர்க்கிட் போய்விடலாம். எச்சரிக்கை ஒலி வந்து தப்பித்தால் அது நம் அதிர்ஷ்டம்.

அதனால்தான் வாட்டை மட்டும் பார்த்து பேனல் வாங்குவதை முதல் தவறு என்கிறேன். "ஸ்டேஷன் 200 வாட் எடுக்கும், பேனலும் 200 வாட், சரிதானே?" என்று கேட்டால், சரியாகவும் இருக்கலாம், ஸ்டேஷன் எரிந்தும் போகலாம். பேனலின் பின்பக்க லேபிளில் இரண்டு வோல்டேஜ் இருக்கும். ஒன்று வேலை செய்யும்போது வருவது. மற்றொன்று எதிலும் மாட்டாமல் வெயிலில் வைத்தால் வருவது. விஓசி என்று போட்டிருப்பார்கள். பார்க்க வேண்டியது இந்த இரண்டாவது எண்ணைத்தான். ஏனென்றால் மாட்டும் அந்த நொடியில் ஸ்டேஷன் சந்திப்பது இதைத்தான். "12 வோல்ட்" என்று விற்கப்படும் 100 வாட் பேனலின் விஓசி சுமார் 22 வோல்ட். வீட்டு மாடியில் பொருத்தும் 72 செல் பேனலில் அது 50 வோல்ட்டை நெருங்கும். சிறிய ஸ்டேஷன்கள் பலவும் 30 வோல்ட்டுக்குள்ளேயே நின்றுவிடுகின்றன. நடுத்தர மாடல்களில் 50 அல்லது 60 வோல்ட் வரையும், பெரியவற்றில் 150 வரையும் பார்க்கலாம். யாரோ கழற்றிப்போட்ட மாடி பேனல் மலிவாகக் கிடைக்கிறதே என்று ஆசைப்படும் இடத்தில்தான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள்.

லேபிளில் உள்ள எண்ணும் கடைசி வார்த்தை அல்ல. அது செல்லின் வெப்பநிலை 25 டிகிரி இருக்கும்போது எடுத்த கணக்கு. அதற்குக் கீழே இறங்கும் ஒவ்வொரு டிகிரிக்கும் வோல்டேஜ் சுமார் 0.3 சதவீதம் ஏறும். விஓசி 22.5 வோல்ட் உள்ள இரண்டு பேனல்களைத் தொடராக இணைத்தால் 45 வோல்ட். ஸ்டேஷனின் எல்லை 48. கணக்கில் நன்றாகத்தான் இருக்கிறது. மைனஸ் 5 டிகிரி குளிரில், சூரியன் எழும்பி வரும் காலை நேரத்தில் மாட்டிப் பாருங்கள்: 30 டிகிரி வித்தியாசத்துக்கு 9 சதவீதம் ஏறி 49 வோல்ட் வந்து நிற்கும். மலைப் பக்கம் முகாம் போகிறவர்கள் எல்லையிலிருந்து 15 சதவீதமாவது இடைவெளி விடுவது நல்லது.

தொடர் இணைப்பில் வோல்டேஜ் கூடும், பக்க இணைப்பில் கரன்ட் கூடும் என்பது பள்ளியில் படித்ததுதான். ஆனாலும் பக்க இணைப்பில் வாட் கூடிவிட்டால் ஏதோ ஆகிவிடும் என்று தேவையில்லாமல் பயப்படுகிறார்கள். பயப்பட வேண்டிய தொடர் இணைப்பைச் சாதாரணமாகப் போட்டுவிடுகிறார்கள். 100 வாட் மட்டுமே எடுக்கும் ஸ்டேஷனில் இரண்டு 100 வாட் பேனல்களைப் பக்கமாக இணைத்தால் உச்சி வெயிலில் கொஞ்சம் வீணாகும், அவ்வளவுதான். மேகம் மூடிய நாளிலும் காலை, மாலை வேளைகளிலும் ஒற்றை பேனல் 30 வாட்டில் தடுமாறும்போது இது 60 வாட் தரும். என்னைக் கேட்டால் அந்த வீணுக்கு இது நல்ல பேரம். ஒரு நிபந்தனை உண்டு: சில கையேடுகளில் பேனலின் ஷார்ட் சர்க்கிட் கரன்ட்டுக்கும் (இரண்டு முனைகளையும் நேராக இணைத்தால் ஓடுவது) ஒரு வரம்பு போட்டிருப்பார்கள். போட்டிருந்தால் அதை மதியுங்கள்.

மூன்று பேனல்களைப் பக்கமாக இணைக்கும்போது ஒவ்வொன்றுக்கும் பியூஸ் தேவைப்படும். ஒன்றில் ஷார்ட் ஆனால் மற்ற இரண்டும் சேர்ந்து தங்கள் கரன்ட்டை அதற்குள் தள்ளும். எவ்வளவு பியூஸ் என்பது பேனல் லேபிளிலேயே இருக்கும். வெவ்வேறு பேனல்களைக் கலந்தால், தொடரில் கரன்ட் குறைந்த பேனல் மற்றவற்றையும் தன் அளவுக்கு இழுத்துவிடும். பக்கமாகக் கலப்பதென்றால் வோல்டேஜ் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும்.

அடுத்து பிளஸ், மைனஸ் விவகாரம். இதில் நானே பட்டிருக்கிறேன். பேனலின் எம்சி4 முனையை ஸ்டேஷனின் உருண்டைப் பிளக்குக்கு மாற்றும் ஒரு அடாப்டர் வாங்கினேன். சிவப்பு ஒயர், கறுப்பு ஒயர், எல்லாம் பார்க்கச் சரியாகவே இருந்தன. மாட்டும் முன், ஏதோ ஒரு சந்தேகத்தில் மல்டிமீட்டரை வைத்தேன். மைனஸ் 21 வோல்ட். உள்ளே ஒயரை மாற்றிப் பற்றவைத்திருந்தார்கள். பிளஸ், மைனஸ் மாறிய இணைப்புக்குப் பாதுகாப்பு இல்லாத ஸ்டேஷனாக இருந்திருந்தால் அன்றோடு கதை முடிந்திருக்கும். அப்புறம் எந்த அடாப்டர் வந்தாலும் முதலில் மீட்டர்தான், பிறகுதான் ஸ்டேஷன். ஒயரின் நிறத்தை நான் நம்புவதே இல்லை. உருண்டைப் பிளக்குகளில் இன்னொரு தொல்லை, 5.5 மில்லிமீட்டரிலும் 8 மில்லிமீட்டரிலும் பல வகை இருக்கின்றன. ஒன்று தளர்வாக உட்கார்ந்தால் தொடும் இடம் சூடாகி உருகும். அழுத்திப் பிடித்தால் சார்ஜ் ஏறுகிறது, விட்டால் நிற்கிறது என்ற நிலையில் அதை ஓட்டிக்கொண்டிருக்க வேண்டாம்.

எக்ஸ்டி60 வகை கனெக்டரை இன்புட்டாகக் கொண்ட சில ஸ்டேஷன்கள் கூடுதலாக ஒரு சின்னப் பின்னை வைத்து, மின்சாரம் வருவது கார் சாக்கெட்டிலிருந்தா சோலாரிலிருந்தா என்று கண்டுபிடிக்கின்றன. அந்தப் பின் இல்லாத ஒயரைப் போட்டால் கார் என்று நினைத்து 8 ஆம்பியரிலேயே நின்றுவிடும். பேனலைக் குறை சொல்வதற்கு முன் ஒயரை ஒருமுறை பாருங்கள்.

நடுவில் ஒரு சார்ஜ் கன்ட்ரோலரை வைத்தால் பாதுகாப்பு என்று நினைப்பதும் உண்டு. ஸ்டேஷனுக்குள்ளேயே எம்பிபிடி கன்ட்ரோலர் இருக்கிறது. பேனல் எந்த வோல்ட்டில் அதிக வாட் தருகிறது என்று அது தேடிக்கொண்டே இருக்கும். வெளியில் இன்னொன்று அதே வேலையைச் செய்தால் இரண்டும் ஒன்றையொன்று குழப்பும். தவிர, பேட்டரி இணைக்காமல் வேலையே செய்யாத கன்ட்ரோலர்களும் உண்டு. மடிப்பு பேனல்களில் கன்ட்ரோலர் ஒட்டியே வருவதும் உண்டு. அப்படியானால் அதைத் தாண்டி பேனலின் நேரடி முனையிலிருந்து எடுங்கள்.

ஒயர் நீளத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ஸ்டேஷன் நிழலில், பேனல் 10 மீட்டர் தள்ளி வெயிலில். போக வர 20 மீட்டர் செம்பு. 1 சதுர மில்லிமீட்டர் ஒயரில் 5.5 ஆம்பியர் ஓடினால் சுமார் 1.9 வோல்ட் வழியிலேயே தீர்ந்துவிடும். 18 வோல்ட் பேனலுக்கு அது பத்தில் ஒரு பங்கு. 2.5 சதுர மில்லிமீட்டர் போட்டால் இழப்பு 0.8 வோல்ட்டுக்குள் அடங்கும். ஒயரை மிச்சப்படுத்த ஸ்டேஷனை வெயிலுக்குக் கொண்டுபோவது அதைவிட மோசம். லித்தியம் பேட்டரியைப் பொதுவாக 0 முதல் 45 டிகிரிக்குள்தான் சார்ஜ் செய்யலாம். வெயிலில் வைத்த பெட்டி சூடாகித் தானே சார்ஜிங்கை நிறுத்திவிடும். உறைநிலைக்குக் கீழே சார்ஜ் செய்தால் செல்லுக்குள் லித்தியம் உலோகமாகப் படியும், பிறகு அது திரும்பாது.

எம்சி4 கனெக்டரை வெயிலில், கரன்ட் ஓடும்போதே பிடுங்கவும் கூடாது. வீட்டு ஏசி மின்சாரம் நொடிக்கு நூறு முறை பூஜ்யத்தைத் தொடுவதால் பொறி பறந்தாலும் சட்டென்று அணைந்துவிடும். டிசியில் அந்த இடைவெளியே கிடையாது. பொறி நீண்டுகொண்டே போய் கனெக்டரைக் கருக்கும். பேனலைக் கவிழ்த்துப் போடுங்கள் அல்லது துணியால் மூடுங்கள், பிறகு கழற்றுங்கள்.

கார் சாக்கெட்டில் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். 12 வோல்ட், வழக்கமாக 10 ஆம்பியர், அதாவது சுமார் 120 வாட். 1000 வாட்ஹவர் ஸ்டேஷன் நிரம்ப எட்டு, ஒன்பது மணி நேரம் ஓட்ட வேண்டும். என்ஜினை அணைத்துவிட்டு சார்ஜ் செய்தால் மறுநாள் கார் கிளம்பாமல் போகலாம். வேகம் வேண்டும் என்று பெரிய பியூஸ் போடுவது நேராகத் தீயை அழைக்கும் வேலை, ஏனென்றால் அந்தச் சாக்கெட்டுக்குப் போகும் ஒயர் மெல்லியது. என்ஜினோடு சுற்றி மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரிலிருந்து எடுக்கத் தனி சார்ஜர்கள் விற்கிறார்கள். வெளி பேட்டரியிலிருந்து எடுப்பதென்றால் பேட்டரி முனைக்குப் பக்கத்திலேயே பியூஸ் இருக்கட்டும். பேனல் ஷார்ட் ஆனாலும் சில ஆம்பியரோடு நின்றுவிடும். பேட்டரி நூற்றுக்கணக்கில் கொட்டும்.

ஜெனரேட்டரில் நடப்பது சோலாருக்கு நேர்மாறு. அங்கே ஸ்டேஷன்தான் இழுக்கிறது. வேக சார்ஜிங் 1200 வாட் கேட்க, 1000 வாட் ஜெனரேட்டர் திணறி அணைந்துவிடும். ஆப்பிலோ ஸ்விட்சிலோ சார்ஜிங் வேகத்தைக் குறைத்துவிட்டு மாட்டுங்கள். ஜெனரேட்டர் கட்டாயம் வெளியில்தான் ஓட வேண்டும், கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. ஸ்டேஷனின் சொந்த அவுட்புட்டை அதன் இன்புட்டிலேயே மாட்டிப் பார்க்கிறவர்களும் இருக்கிறார்கள். சுற்றிவரும் வழியில் இழப்புதான் மிச்சம். இரு பக்கமும் முள் உள்ள ஒயரால் சுவர் சாக்கெட் வழியாக வீட்டுக்கு மின்சாரம் அனுப்புவது மட்டும் விளையாட்டல்ல. வெளியே லைனில் வேலை செய்பவரின் உயிரை அது எடுக்கலாம்.

எல்லாம் சரியாக மாட்டியும் 100 வாட் பேனலுக்குத் திரையில் 70 சொச்சம் காட்டினால், எதுவும் கெட்டுப்போகவில்லை. வெயிலில் செல் 65 டிகிரிக்குப் போனாலே 14 சதவீதம் போய்விடும், தூசியும் சாய்வும் இன்னும் கொஞ்சம் தின்னும். 20 காட்டினால்தான் எழுந்து போய்ப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் ஒரு கிளையின் நிழல் ஒரு மூலையில் விழுந்திருக்கும், அல்லது பேனலை ஜன்னல் கண்ணாடிக்கு உள்ளேயே வைத்திருப்பீர்கள்.